ஏறிய கோடு

பதிவு 112 | காலை 08:10 | மேல்நிலையம், சோதனை அறை

சாட்சித் துண்டு: இறுக்கம் 88. நேற்று 89. வெப்பப் பட்டை ஒழுங்காக வேலை செய்கிறது. பதிவுக் கருவி ஒரு தரம் நின்றது. தலையில் ஒரு தட்டுத் தட்டினேன், ஓடுகிறது.

இந்தக் குறிப்பு யார் கையில் கிடைத்தாலும் புரிய வேண்டும் என்று விதி. ஒரு தரம்தான் விளக்குவேன். என் பெயர் இசக்கியம்மாள். உலோகங்களை இழுத்தும் அமுக்கியும் சோதிப்பது வேலை. நிலவின் தென்முனையில் வெயிலே படாத பள்ளம் ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறேன். வடத்தில் ஓடும் தொட்டிலில் இரண்டரை மணி நேரம் இறங்கினால் அடியில் கீழறை. அங்கே லூயிஸ் கொரேரா தனியாக உட்கார்ந்து பனிக்கட்டி தேடித் துளை போடுகிறான். தூத்துக்குடிக்காரன். என்னைவிடப் பத்து வயது இளையவன், வாய் மட்டும் என்னைவிடப் பெரியது.

கீழறைக்கு ஒரே வாசல். விண்ணுடை வெளியே தொங்கும், அதன் முதுகு அறையின் சுவரோடு ஒட்டியிருக்கும். உள்ளிருந்து உள்கதவைத் திறந்து, உடையின் முதுகு வழியாக நுழைந்து, மூடிக்கொண்டு கழன்றுவிட வேண்டியதுதான். முதுகுவாசல் என்கிறோம். காற்று உருளை உள்ளே போவதும் அதே வழி. உடையைச் சுவரின் ரப்பரோடு அழுத்திப் பிடிப்பது ஒரு வளையம். அது உலோகக் கண்ணாடியில் வார்த்தது.

ஜன்னல் கண்ணாடியை நினைக்காதீர்கள். பார்க்க எவர்சில்வர் மாதிரி இருக்கும். உருக்கிய கலவையை, அணுக்கள் வரிசையில் நிற்க நேரம் கொடுக்காமல் சட்டென்று குளிர வைத்தால் கிடைப்பது. பள்ளத்தின் குளிரில் சாதாரண எஃகு நொறுங்கும், இது தாங்கும். ஒரே ஒரு குணக்கேடு. இறுக்கி வைத்தால் உள்ளே அணுக்கள் மெல்ல நகர்ந்து வசதியாக உட்காரப் பார்க்கும், இறுக்கம் குறையும். புதுக் கொடிக்கயிறு ஈரத்துணியின் பாரத்தில் தொய்வதுபோல. முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. முழுதாக நிற்பதில்லை. இதைத் தளர்வு என்கிறோம்.

வளையத்தில் ஒட்டியிருந்த அளவி குளிரில் செத்துவிட்டது. அதனால் அதே உருக்கில் வார்த்த ஒரு துண்டை, அதே இறுக்கத்தில், அதே சூட்டிலும் குளிரிலும் இங்கே கருவியில் மாட்டி வைத்திருக்கிறேன். கீழே வளையத்துக்கு ஆவது இங்கே இந்தச் சாட்சித் துண்டுக்கும் ஆகும். மாட்டிய அன்று 100. எழுபதுக்குக் கீழே போனால் ரப்பர் காற்றை விடும். எழுபதுக்குப் பக்கத்தில் போவதற்குள் லூயிஸை மேலே ஏற்றுவது என் பொறுப்பு. வேறு எவருடைய பொறுப்பும் அல்ல.

பதிவு 113 | மதியம் 13:40

85. ஒரே காலையில் மூன்று இறங்கிவிட்டது. என் கணக்குப்படி இந்த எண் அடுத்த வாரம் வர வேண்டியது.

துண்டைக் கழற்றாமல் கம்பிகளை எல்லாம் சரிபார்த்தேன். கம்பியில் குற்றமில்லை. காரணம் பட்டை. ரப்பர் உறையாமலிருக்க வளையத்தைச் சூடாக வைக்கும் பட்டை அது. லூயிஸ் துளை போடும்போது மின்சாரம் போதாமல் அதை அணைக்கிறான், பிறகு போடுகிறான். இரண்டு நாளாக வளையம் கொடுங்குளிரும் சூடும் மாறி மாறி வாங்குகிறது. உலோகக் கண்ணாடிக்கு இது ஆகாது. உட்கார்ந்து அமைதியான அணுக்கள் மறுபடி கலைகின்றன. இத்தனை நாள் பழகியதெல்லாம் போய், வார்த்த அன்று இருந்த நிலைக்குத் திரும்புகிறது. புதுக் கண்ணாடி வேகமாகத் தளரும். பூமியில் நாங்கள் ஒரே சூட்டில் வைத்துச் சோதித்தோம். எவனுக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

கீழறையிலிருந்து, 14:05: "எக்கா, பட்டைய அணைக்காம ட்ரில்ல ஓட்டச் சொன்னா கரண்டுக்கு நான் எங்க போவேன்? ரெண்டும் சேந்து ஓடுனா பியூசு போயிருது. துளைல ஈரங் காட்டுது, நெசமா! நீங்க வளையத்தப் பாருங்க, நான் தண்ணியப் பாக்கேன்."

பூமியிலுள்ள தரைநிலையத்திலிருந்து, திட்டத் தலைவர் குஞ்சிதபாதம், 15:20: "இசக்கி, ஏற்கெனவே ரெண்டு துளையை விட்டாச்சு. இதுவும் போச்சுன்னா அடுத்த ஆளை அனுப்ப எவனும் கையெழுத்துப் போட மாட்டான். நான் உன்னை அவசரப்படுத்தலை. நீ நிறுத்துன்னா நிறுத்திடறேன். ஆனா போன தடவை மாதிரி ஆயிடக் கூடாதும்மா."

போன தடவை என்பது இரண்டாவது துளை. எண் விழுகிறது என்று நான்தான் கத்தினேன். லூயிஸ் போட்டது போட்டபடி மேலே வந்தான். துளை உறைந்து மூடிக்கொண்டது. கடைசியில் பார்த்தால் என் அளவியில் ஒரு கம்பி ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றிலிருந்து லூயிஸுக்கு நான் 'சைரன் அக்கா'. தரைநிலையத்தில் என் குரல் கேட்டாலே யாரோ ஒருவர் ஊளையிட்டுச் சிரிக்கிறார். நானும் கூடச் சிரிக்கிறேன். உள்ளே எரியும்.

பதிவு 114 | மறுநாள் காலை 09:30

79.

நிறுத்து என்று சொல்ல வேண்டிய நேரம் இது. எழுதும்போதே தெரிகிறது. ஆனால் ஒரு யோசனை இருக்கிறது.

அதிக இறுக்கத்தில் இருப்பதுதான் வேகமாகத் தளரும். சற்று விட்டுக்கொடுத்தால் வேகம் அடங்கும். துண்டில் அரைச் சுற்றுத் தளர்த்தினேன். எதிர்பார்த்தபடி 74-க்கு இறங்கியது. அங்கேயே நிற்கிறது. பத்து நிமிடமாக அசையவில்லை.

கீழறைக்கு நான் அனுப்பியது, 09:50: "லூயிசு, வளையத்தோட உள்பக்கக் குமிழ அரைச் சுத்துத் தளத்து. அரைச் சுத்துதான். கூடிரக் கூடாது."

கீழறையிலிருந்து, 09:58: "அரைச் சுத்து ஆச்சு. எக்கா, உள்ள இருந்து தளத்தத்தான் முடியும், திருப்பி இறுக்கணும்னா வெளிய வந்து சக்கரத்தத் திருப்பணும். ஞாபகம் இருக்குல்லா?"

இருக்கிறது. அந்த வாசலை வரைந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி.

பதிவு 115 | மதியம் 12:15

ஏறுகிறது!

74, 75, 76. யாரும் தொடவில்லை, தானாக ஏறுகிறது. துள்ளிக் குதித்தேன், கூரையில் தலை இடித்தது. இங்கே எடை ஆறில் ஒரு பங்கு என்பதை மறந்துவிட்டேன். கிடக்கட்டும், வலிக்கவில்லை.

கீழறையிலிருந்து, 12:30: "சைரன் அக்கா இன்னைக்குப் பாட்டுப் படிக்காங்களே! அப்பம் நான் ட்ரில்ல ஓட்டலாம்? நாளைக்கு மத்தியானத்துக்குள்ள தண்ணி. பந்தயம்."

ஓட்டு என்றேன். 14:40-க்குத் தரைநிலையத்துக்கும் கீழறைக்கும் படம் அனுப்பினேன். இறங்கி வந்த கோடு, அரைச் சுற்றில் ஒரு படி, அதன் பிறகு மேலே போகும் கோடு. கடைசிப் புள்ளி 77. கீழே எழுதியது: 'வளையம் மீள்கிறது.'

பதிவு 116 | மறுநாள் காலை 07:40

74.

இதற்கு மேல் மழுப்ப முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

நேற்று 77-ஐத் தொட்டது 14:00 மணிக்கு. 14:10-க்கும் 77. 14:20-க்கு 76.8. 14:30-க்கு 76.5. நான் படம் அனுப்பியது 14:40-க்கு. அந்த இரண்டு புள்ளிகளும் திரையில் கண் முன்னால் இருந்தன. படத்தின் வலது ஓரத்தைப் பிடித்து 14:10 வரை இழுத்துக் குறைத்தேன். இரண்டு புள்ளிகளும் வெளியே போயின. பொய்யான எண் ஒன்றும் அனுப்பவில்லை. நிஜமான எண் இரண்டை அனுப்பவில்லை, அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதான்' என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் புரண்டேன்.

எனக்குத் தெரியாமல் நடந்திருந்தால் மன்னிக்கலாம். தெரியும். இறுக்கத்தில் நெடுநேரம் இருந்த கண்ணாடியைச் சற்றுத் தளர்த்தினால், முன்பு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்ட அணுக்கள் கொஞ்சம் திரும்பி வரும். எண் ஏறும். ஒரு கூனல் வரைந்துவிட்டு மறுபடி இறங்கும். பழைய நிலையின் நினைவு அது, குணமானதல்ல. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஆனா ஆவன்னா மாதிரி. ஏறுகிறது என்று பார்த்ததும் 'இது கூனலாக இருக்கும், பொறு' என்று மண்டை சொன்னது. இன்னொரு தரம் சைரன் ஊத முடியாது என்று மனசு சொன்னது. மனசின் பேச்சைக் கேட்டேன்.

அந்தப் படத்தை வேறு எவனாவது அனுப்பியிருந்தால் அவனை நாறடித்திருப்பேன்.

இப்போது சொல்லப் போகிறேன்.

பதிவு 116, தொடர்ச்சி | 08:20

கீழறையிலிருந்து, 08:05: "எக்கா! தண்ணி! குழாயில வெள்ளையா ஏறுது, அழுக்கா, ஆனா பனிதான்! இன்னும் நாலு மணி நேரம் ஓட்டுனா சாம்பிள் எடுத்துரலாம். ஏ யப்பா! ஒங்களாலதான் எக்கா. நேத்து நீங்க நிறுத்தச் சொல்லிருந்தா இதும் போயிருக்கும்."

நான் அனுப்பியது, 08:12: "நல்லது லூயிசு. பட்டைய அடிக்கடி அணைக்காத."

இவ்வளவுதான் சொன்னேன். நாலு மணி நேரம்தானே, 70-க்கு வர அதற்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் பட்டையை அவன் எத்தனை தரம் அணைப்பான் என்பதைச் சேர்க்கவில்லை. அடச்சீ, எழுதக்கூடக் கை கூசுகிறது. பயந்துபோய்ச் சொல்லவில்லை. அதுதான் விஷயம்.

பதிவு 117 | காலை 10:50

கீழறையிலிருந்து, 10:31: "எக்கா, காது அடைக்குது. அழுத்தம் எறங்குது. தொறந்து வச்சிருந்த உள்கதவ மூடிட்டேன், இப்ப நின்னுருச்சு. ஆனா உருளை ரெண்டும் கிட்டத்தட்டக் காலி, அறைக்குக் காத்த நெரப்பி நெரப்பியே தீந்துருக்கு. இன்னைக்கு சாயந்தரம் வரைக்குந்தான் தாங்கும். வளையந்தான் ஏறிக்கிட்டு இருக்கே, அப்பம் ரப்பர்லதான் ஏதோ ஓட்டை. ஒண்ணுமில்ல, லேசாத்தான் ஒழுகுது. நான் கதவத் தொறந்து உடைக்குள்ள போயி மேல வந்துருதேன்."

துண்டு: 68.

உள்கதவைத் திறந்தால் அறையின் அழுத்தம் முழுக்க வளையத்தின் மேல் விழும். அறுபத்தெட்டில் உடை தெறித்துக்கொண்டு போகும், அவனும் சேர்ந்து போவான். அவன் கை கதவுப்பிடியில் இருந்திருக்கும். நான் ஒலிவாங்கியைப் பிடித்த வேகத்தில் அதன் வயர் பிய்ந்து வந்தது. இன்னொன்றை எடுத்துக் கத்தினேன்.

நான் அனுப்பியது, 10:33: "தொறக்காதல! தொறக்காத! வளையம் ஏறல, எறங்குது. நேத்தே எறங்க ஆரம்பிச்சாச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுப் படத்த வெட்டி அனுப்புனேன். தப்பு என் மேல. தொறந்தா செத்துருவ. கைய எடு!"

 

கீழறையிலிருந்து, 10:36: "எம்புட்டு இருக்கு?"

நான்: "அறுபத்தெட்டு."

கீழறையிலிருந்து: "காலைல தண்ணி வந்துச்சுன்னு சொன்னேன்லா. அப்பவும் தெரியுமா?"

நான்: "தெரியும்."

கீழறையிலிருந்து: "சரி."

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். தூத்துக்குடியில் இருக்கிற அத்தனை கெட்ட வார்த்தையும் அவனுக்குத் தெரியும்.  திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தொட்டிலில் இறங்குகிறேன். வெளிச்சக்கரத்தை இறுக்கினால் வளையம் மறுபடி பிடிக்கும். கையளவியை எடுத்துக்கொண்டேன், வளையத்திலேயே கவ்வ வைத்து எண்ணைப் படிக்கலாம்.

குரல் பதிவு 118 | 12:05 | தொட்டிலில், பாதி வழி

எழுத முடியாது, கையுறை. பேசுகிறேன்.

இருட்டு. விளக்கு வெளிச்சத்தில் வடம் மட்டும் தெரிகிறது. தொட்டில் தன் வேகத்தில்தான் போகும், கெஞ்சினாலும் போகாது. கெஞ்சிப் பார்த்தேன்.

தரைநிலையத்திலிருந்து, குஞ்சிதபாதம், நேற்று அனுப்பிக் கேட்காமல் கிடந்தது இப்போதுதான் உடைக்கு வந்து சேர்கிறது: "இசக்கி, உன் படத்தைக் கூட்டத்துல போட்டுக் காட்டினேன். எல்லாரும் கை தட்டினாங்கம்மா. இனிமே உன்னை யாரும் சைரன்னு சொல்லப்படாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டேன்."

நடந்ததை அவருக்குச் சொல்லிவிட்டேன். முழுதாக. என்னைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. அவசர வண்டி வர ஆறு நாள் என்றார், அழுதார் என்று நினைக்கிறேன்.

கணக்குகளைச் சரிபார்க்கிறேன். சக்கரத்தைத் திருகுமரையின் கடைசிச் சுற்று வரை இறுக்கினால் எண்பதைத் தாண்டும். ஆனால் வளையம் இப்போது புதுக் கண்ணாடி மாதிரி, இறுக்கியதும் வேகமாகத் தளரும். முதல் சில நிமிடங்கள்தான் நல்ல நிமிடங்கள். உடைக்குள் நுழைந்து முதுகை மூட அவனுக்கு ஐந்து நிமிடம் வேண்டும். பயிற்சியில் அவன் எடுத்தது அதுதான். போதும். நான் 'திற' என்றதும் திறந்தால் போதும்.

லூயிஸ், நான் சொன்னதும் திறந்துவிடு. தயவுசெய்து.

குரல் பதிவு 119 | 13:22 | முதுகுவாசல் வெளியே

வந்துவிட்டேன். வளையம் 61. கையளவி கவ்விக்கொண்டது. பட்டையை எரியவிடச் சொன்னேன், எரிகிறது. சுவருக்கு அந்தப்பக்கம் அவன் ஏதோ தட்டுவது கையுறை வழியாக அதிர்வாகத் தெரிகிறது. ஒரு கை நீளம்கூட இல்லை.

சக்கரம் சுற்றுகிறது. கடினம். இன்னும். இன்னும் கொஞ்சம். மரை முடிந்தது, இதற்கு மேல் போகாது. 82.

நான்: "எம்பத்தி ரெண்டு! லூயிசு, இப்பத் தொற. இப்பவே!"

கீழறையிலிருந்து: "நெசமாவா?"

நான்: "நெசமா. எம்பத்தி ரெண்டு. ஒனக்கு எட்டு நிமிசம் இருக்கு, அஞ்சுதான் வேணும். தொறய்யா."

கீழறையிலிருந்து: "நேத்தும் இப்படித்தான சொன்னீங்க. கதவுல கை வச்சிருக்கேன், எக்கா. என்னால திருப்ப முடியல. எண்ண வாசிங்க. ஒண்ணு விடாம, நடுவுல வெட்டாம. எப்படிப் போகுதுன்னு நான் கேட்டுக்கிடுதேன்."

நான்: "வாசிக்க நேரமில்ல. இந்த நேரந்தான் நல்ல நேரம், பொறவு எறங்கிரும். 79."

கீழறையிலிருந்து: "பாத்தீங்களா? அதுக்குள்ள மூணு எறங்கிட்டு. இதையும் நான் கேக்காட்டா சொல்லிருக்க மாட்டீங்க."

நான்: "எறங்கத்தான் செய்யும்! எறங்கும்னு தெரிஞ்சுதான் இப்பத் தொறங்கேன்! எங்கம்மை மேல சத்தியமா. 77."

கீழறையிலிருந்து: "கத்தாதீங்க. அடுத்தது."

நான்: "76. லூயிசு, ஒன் கால்ல விழுதேன்."

கீழறையிலிருந்து: "இப்பம் மெதுவாயிருக்கு. ஒண்ணொண்ணாத்தான் எறங்குது. இன்னும் ரெண்டு எண்ணு."

அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல் யார் கதவைத் திறப்பார்கள்? நான் கற்றுக்கொடுத்த பாடம் அது. கதவின் இந்தப்பக்கம் நின்று அவன் சரியாகச் செய்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான்: "75."

நான்: "74."

கீழறையிலிருந்து: "சரிக்கா. நம்புதேன். நெசமான எண்ணுதான் வாசிக்கீங்க. தொறக்கேன்."

73.

மூன்று நிமிடம்தான் மிச்சம். அவனுக்கு ஐந்து வேண்டும். கால் இரண்டும் உடைக்குள், முதுகு திறந்தபடி இருக்கும்போது எழுபதுக்குக் கீழே போய்விடும். அறுபத்தெட்டில் ஒழுகியது எனக்குத் தெரியும். எழுபதுக்கும் அறுபத்தெட்டுக்கும் நடுவில் எங்கே விடும் என்று எனக்குத் தெரியாது.  'திற' என்று சொல்ல நாக்கு வரை வந்தது.

நான்: "வேண்டாம். நேரம் போயிட்டு. மூணு நிமிசந்தான் இருக்கு. பத்தாது."

சிரித்தான். சத்தியமாகச் சிரித்தான்.

கீழறையிலிருந்து: "இப்பம் நெசம் பேசுதீங்க."

குரல் பதிவு 120 | 14:10

69. தளர்த்தி மறுபடி இறுக்கிப் பார்த்தேன். 71 வந்து உடனே விழுந்தது. மரையில் இடமில்லை. தொட்டிலின் பட்டைக் கயிறால் உடையைச் சுவரோடு கட்டப் பார்த்தேன், சுவரில் கயிறு மாட்ட ஒரு கொக்கிகூட இல்லை. முதுகைக் கொடுத்து முட்டிப் பார்த்தேன். என் எடை இங்கே ஒரு அரிசி மூட்டையில் பாதி. கண்ணாடி என்னைச் சட்டை செய்யவில்லை.

கீழறையிலிருந்து: "எக்கா, ஒங்க உடையில காத்து எம்புட்டு?"

நான்: "மேல போற அளவு."

கீழறையிலிருந்து: "அப்பம் போங்க."

நான்: "போக மாட்டேன்."

கீழறையிலிருந்து: "கூறு இருக்கா ஒங்களுக்கு? எனக்கு சாயந்தரம் வரைக்குந்தான். சும்ம படுத்துக் கெடந்து சாவதுக்கு நான் வரல. தொறந்து பாக்கத்தான் போறேன், நூத்துல ஒண்ணு இருந்தாலும். நீங்க வாசல்ல நின்னீங்கன்னா ஒடை தெறிச்சு ஒங்களையும் அடிச்சிரும். நீங்க தள்ளிப் போனாத்தான் நான் தொறக்க முடியும். வெளிய வந்துட்டா உடைக் காத்துல நிப்பேன், தொட்டிலத் திருப்பி அனுப்புங்க. போங்க, எக்கா. அளவிய அங்கனயே விட்டுட்டுப் போங்க, ஒங்களுக்கு எண்ணு வரும்லா?"

நான்: "வரும்."

கீழறையிலிருந்து: "வாசிச்சுக்கிட்டே போங்க. எந்த எண்ணுல தொறக்கணும்னு நான் பாத்துக்கிடுதேன். எங்க வீட்டுல வந்து கேட்டா முழுப் படத்தையும் காட்டுங்க. வெட்டாதீங்க."

நான் தொட்டிலில் ஏறினேன். ஏறினது நான்தான். யாரும் தள்ளிவிடவில்லை.

குரல் பதிவு 121 | 15:02 | தொட்டிலில், மேலே போகிறது

67. லூயிஸ், 67.

"கேக்குது."

குஞ்சிதபாதம் என்னவோ சொல்கிறார், தரைநிலையத்தின் ஒலியை அணைத்துவிட்டேன். 67. மன்னித்துவிடு என்று அவனிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் மன்னித்துவிடுவான், அவன் சுபாவம் அது. கடைசி நேரத்தில் அவனிடமிருந்து அதையும் வாங்கிக்கொண்டு போக எனக்கு என்ன தகுதி? 66.

"கேக்குது. பட்டைய இன்னுங் கொஞ்சம் சூடாக்கிருக்கேன். ரப்பர் எளகுனா கொஞ்சம் நல்லாப் பிடிக்கும்லா?"

பிடிக்கும். கண்ணாடி இன்னும் வேகமாகத் தளரும். இரண்டையும் சொன்னேன். இரண்டையும்.

"சரிக்கா. அப்பம் சீக்கிரம் தொறக்கதுதான் நல்லது."

65.

குரல் பதிவு 122 | 15:40

64.

"கேக்குது."

64.

"கேக்குது. எக்கா, சாமி கும்புட்டுட்டேன். வாசிச்சுக்கிட்டே இருங்க, நான் பதில் சொல்ல மாட்டேன், கையில சோலி இருக்கு."

63.

63.

லூயிஸ், 63.

0.

பூஜ்யம் என்று காட்டுகிறது. வளையத்தில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். அளவி அதைத்தான் சொல்லும். அவன் உடைக்குள் போய் மூடிக்கொண்டு கழன்றாலும் பூஜ்யம்தான் வரும். போகாமல் தெறித்தாலும் பூஜ்யம்தான். எண்ணைப் பார்த்து எதுவென்று சொல்ல முடியாது.

லூயிஸ்.

கீழே விளக்கு எதுவும் தெரியவில்லை. தொட்டில் நிற்காமல் போகிறது. திருப்பும் பொத்தான் மேல்நிலையத்தில்தான் இருக்கிறது.

லூயிஸ், பதில் சொல்ல வேண்டாம். வாசிக்கிறேன். பூஜ்யம்.

பூஜ்யம்.

15:52. பூஜ்யம். இதையும் படத்தில் சேர்க்கிறேன்.

15:53. பூ

(குரல் பதிவு இங்கே அறுந்திருக்கிறது.)